வீட்டுக்குள்ள யாருக்குடா பூட்டு?

டிஸ்கி: பொட்டி தட்டுற ஆளு எழுதின பொட்டி பத்தின பதிவு. நடுவுல கொஞ்சம் தொழில்நுட்பம் வரும். அதைத் தாண்டிக் குதிச்சுப் படிச்சாலும் குத்தமில்லை. ஆனா வீட்டுல ரெண்டு கம்ப்யூட்டருக்கு மேல இருக்கிறவங்க குதிக்காம படிங்க. பின்னாடி எனக்கு போன் பண்ணாதீங்க :-)

கொஞ்சம் கொசுவத்தியைச் சுத்திக்கிறேன்.

2016. நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். லீவுக்கு ராஜபாளையம் வந்திருக்கேன். வீட்டுல அப்பாவோட டெஸ்க்டாப் ஒண்ணு, அக்காவோட லேப்டாப் ஒண்ணு, எனக்குன்னு கெஞ்சிக் கூத்தாடி வாங்கின லேப்டாப் ஒண்ணு. அப்பாவுக்குச் சத்திரப்பட்டியில விசைத்தறி. பேண்டேஜ் துணி, காஸ் துணி. ஆஸ்பத்திரியில உங்க காயத்தைச் சுத்தியிருக்கிற வெள்ளைத் துணி எங்க ஊர்ப் பக்கம் நெஞ்சதா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. கணக்கு எழுதுறது அக்கா. அக்கா லேப்டாப்புல எழுதி, பென் டிரைவுல ஏத்தி, அப்பா பொட்டியில இறக்கி, எது புதுசு எது பழசுன்னு தெரியாம ரெண்டு பேரும் மாசாமாசம் சண்டை போடுவாங்க.

"இதுக்குப் போயா இவ்வளவு? ஒரு போல்டரை ஷேர் பண்ணினா முடிஞ்சுது"ன்னு உள்ள புகுந்தேன். ரெண்டாவது வருஷ மாணவனுக்குத் தெரியாதது உலகத்துல என்ன இருக்கு?

அப்பா பொட்டியில 'டி' டிரைவுல கணக்குங்கற போல்டரை ஷேர் பண்ணினேன். அக்கா லேப்டாப்புலேருந்து திறந்தா, பேரும் பாஸ்வேர்டும் கேக்குது. அப்பா பேரைப் போட்டேன். அப்பா கணக்குக்குப் பாஸ்வேர்டே கிடையாது. காலியா விட்டு எண்டர் தட்டினா, மாட்டேங்குது. அப்போ புரியலை, இப்போ புரியுது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை வச்சுக்கிட்டு, பொட்டி முன்னாடி நேரா உக்காந்து உள்ள போகலாம், நெட்வொர்க் வழியா வர விட மாட்டேன்னு விண்டோஸ்ல இயல்பாவே ஒரு விதி இருக்கு. நல்ல விதி. நான் என்ன பண்ணியிருக்கணும்? அப்பா கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு வச்சிருக்கணும். நான் என்ன பண்ணினேன்? ராத்திரி ஒரு மணி வரைக்கும் தேடிப் பிடிச்சு, 'பாஸ்வேர்டு பாதுகாப்போடு பகிர்தல்'ங்கறதை ஆஃப் பண்ணினேன். அனுமதியில 'எவ்ரிஒன்'னு சேர்த்தேன். பக்கத்துல 'ஃபுல் கன்ட்ரோல்'. டிக். ஷேர் பக்கமும் டிக், என்டிஎஃப்எஸ் பக்கமும் டிக். இந்த ரெண்டு பக்கத்துல எது இறுக்கமோ அதுதான் செல்லும்னு விண்டோஸ் வச்சிருக்கு. அந்த ரெண்டாவது தாழ்ப்பாளையும் நானே கழட்டிட்டேன்.

காலையில அக்கா திறந்தா, ஜம்முனு திறக்குது. அப்பா முதுகுல தட்டினார். அம்மா தோசைக்கு எக்ஸ்ட்ரா நெய் விட்டாங்க. அதுக்கப்புறம் எட்டு வருஷம் அந்த டிக் அப்படியே இருந்துச்சு.

நடுவுல 2017 மே 12. வான்னாக்ரை. ஞாபகம் இருக்கா? இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பிச்சுப் போச்சு. ஆந்திராவுல போலீஸ் கம்ப்யூட்டர்கள் மாட்டிச்சு. மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டுல ஒரு ஊராட்சி அலுவலகத்துப் பொட்டிகள் கூட மாட்டினதா அந்த வாரம் செய்தி வந்துச்சு. அது பரவினது இதே ஃபைல் பகிர்வு வழியாத்தான். விண்டோஸ் பொட்டிகள் ஃபைல் பரிமாறிக்கப் பேசுற மொழிக்கு எஸ்.எம்.பி.ன்னு பேரு. பேசுற வாசல் 445. அதோட ஆதிகாலத்து முதல் பதிப்புல இருந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே ஒட்டு வெளியிட்டாச்சு. ரெண்டு மாசமா போடாதவங்கதான் மாட்டினாங்க. நான் அன்னிக்கு ஹாஸ்டல்லேருந்து அப்பாவுக்கு போன் பண்ணி, ஒவ்வொரு பட்டனா சொல்லி அந்த ஒட்டைப் போட வச்சேன். அடுத்த லீவுல வந்து முதல் பதிப்பையே அணைச்சேன். "நம்ம வீடு பத்திரம்"னு நண்பர்கள்கிட்ட பீத்திக்கிட்டேன். சுவத்துல இருந்த எலி வளையை சிமெண்டு போட்டு அடைச்சுட்டு, வாசக்கதவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கின கதை.

இப்போ 2024 ஆகஸ்டு.

எங்க பக்கத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம், மத்தவங்களுக்காக: ஆடிப்பூரம்னா ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேர். எங்க வீட்டுலேருந்து பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர். அந்த வாரம் எங்க வீடு சத்திரம் ஆயிடும். கூடத்துல பாய் விரிச்சா நடக்க இடம் இருக்காது. அந்த வருஷம் ஆகஸ்டு 7, புதன்கிழமை. சித்தி குடும்பம் ரெண்டு நாள் முன்னாடியே வந்தாச்சு. சித்தி பையன் அப்போதான் காலேஜ் முதல் வருஷம் முடிச்சவன். தம்பின்னே சொல்றேன். புது லேப்டாப்போட வந்திருந்தான். வைஃபை பாஸ்வேர்டு எங்க வீட்டுல தினசரி காலண்டர் அட்டையில பேனாவால எழுதியிருக்கும். யாரும் கேக்கக் கூட வேண்டாம். அப்பா பொட்டியில நான் சேர்த்து வச்சிருந்த பழைய படங்கள் எல்லாம் இருக்குன்னு அவனுக்குத் தெரியும். அதனால அந்த டிரைவைத் தன் லேப்டாப்புல நிரந்தரமா மாட்டி வச்சுக்கிட்டான். ரெண்டு வருஷமா அப்படித்தான் பண்ணுவான், யாரும் தப்பாச் சொன்னதில்லை.

புதன்கிழமை ராத்திரி, எல்லாரும் தேர் பார்த்துட்டு வந்து கால் வலியில சாஞ்சப்புறம், தம்பி ஏதோ வீடியோ எடிட் பண்ற மென்பொருளுக்கு ஓசி சாவி தேடியிருக்கான். ஒண்ணு கிடைச்சுது. தட்டினான்.

வியாழக்கிழமை காலையில நான் சென்னையில ஆணி பிடுங்க உக்காரும்போது அப்பா போன். "ஏன்டா, எல்லா ஃபைலுக்கும் பின்னாடி ஏதோ நாலு எழுத்து ஒட்டிக்கிட்டு இருக்கு. தொறக்க மாட்டேங்குது."

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நான் நினைச்சதேதான். கூடவே ஒரு கடுதாசி ஃபைல்: 999 டாலர் குடு, 72 மணி நேரத்துக்குள்ள குடுத்தா 499. தம்பி லேப்டாப்புலயும் அதே கடுதாசி.

அப்பா கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. "நம்ம பொட்டியில ஆன்டிவைரஸ் இருக்கேடா, காசு கட்டித்தானே வாங்கினோம்?" இருந்துச்சு. அது தூங்கவும் இல்லை. ஆனா அந்த நச்சு நிரல் அப்பா பொட்டியில ஓடவே இல்லை. ஓடினது தம்பி லேப்டாப்புல. அங்கேருந்து நெட்வொர்க் வழியா ஒவ்வொரு ஃபைலா எடுத்து, பூட்டி, திருப்பி வச்சிருக்கு. அப்பா பொட்டியைப் பொறுத்த வரைக்கும், அனுமதி உள்ள ஒருத்தர் வந்து தன்னோட ஃபைல்களை மாத்தி எழுதிட்டுப் போறார். 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்'. ஓட்டை தேவையே இல்லை. வான்னாக்ரைக்காவது ஒரு ஓட்டை வேணும்.

அன்னிக்கு ராத்திரியே பொதிகை. வெள்ளிக்கிழமை காலையில வீட்டுக்குள்ள நுழைஞ்சா, தம்பி விடியக்காலை பஸ்ஸுக்கே கிளம்பிப் போயிட்டான். சித்தியும் சித்தப்பாவும் இருக்காங்க, அவன் இல்லை. "சாப்பிடாமக் கூடப் போயிட்டான்"னு அம்மா சொன்னாங்க. அப்பா எதுவும் சொல்லலை. சொல்ல வேண்டியதை முந்தின நாளே சொல்லியிருக்கார்னு அம்மா முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுது.

பொட்டி முன்னாடி உக்காந்தேன். கணக்கு போல்டர், பிராப்பர்ட்டீஸ், ஷேரிங். எவ்ரிஒன். மூணு டிக். நான் வச்ச டிக்.

பின்னாடி அப்பா செருப்புச் சத்தம் கேட்டுச்சு. அந்த ஜன்னலை மூடினேன். ஆமா, மூடினேன். "என்னடா தெரியுது?"ன்னார். "அவன் லேப்டாப்புலேருந்துதான் வந்திருக்குப்பா"ன்னேன். பொய் இல்லை. ஆனா...

சரி, அதுக்கு அப்புறம் வரேன். சேதாரக் கணக்கை முதல்ல சொல்லிடறேன்.

பேக்கப் இருந்துச்சா? இருந்துச்சு. அதுவும் என் கைவரிசைதான். தினம் ராத்திரி கணக்கு போல்டரை 'பேக்கப்'னு இன்னொரு போல்டருக்குக் காப்பி பண்ற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதி வச்சிருந்தேன். அந்த 'பேக்கப்' போல்டர் எங்க இருந்துச்சு? அதே 'டி' டிரைவுல, அதே ஷேருக்குள்ள. நல்லா சிரிச்சுக்கோங்க. விண்டோஸ் தானா எடுத்து வைக்கிற பழைய நிழல் பிரதிகள் 'சி' டிரைவுக்குத்தான் இயல்பா இருக்கும், 'டி'க்கு நாமளா போய் ஆன் பண்ணினாத்தான் உண்டு. பண்ணலை. நோ மோர் ரான்சம்னு ஒரு தளம் இருக்கு. யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் ரெண்டு பாதுகாப்பு கம்பெனிகளும் சேர்ந்து 2016-ல ஆரம்பிச்சது. சில வகைப் பூட்டுக்கு இலவசமாவே சாவி கிடைக்கும். ஒரு ஃபைலை ஏத்திப் பார்த்தேன். எங்களுக்கு வாய்ச்ச வகைக்குச் சாவி இல்லை. காசு குடுக்கிறதைப் பத்தி அப்பா ஒரு நிமிஷம் கூட யோசிக்கலை. "திருடனுக்கு ஜிஎஸ்டி நம்பர் உண்டா?"ன்னு மட்டும் கேட்டார். அந்த நிலைமையிலயும் :-)

மிஞ்சினது, மார்ச் 31 வருஷக் கணக்கு முடிச்சப்போ ஆடிட்டருக்குக் குடுத்த பென் டிரைவ். ஏப்ரல்லேருந்து ஆகஸ்டு வரைக்கும் போச்சு. ஜூலை மாசத்து ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் பண்ண கடைசி நாள் ஆகஸ்டு 11, ஞாயித்துக்கிழமை. கையில ரெண்டு நாள்.

ஏப்ரல், மே, ஜூன் விற்பனை தப்பிச்சுது. ஏற்கெனவே தாக்கல் பண்ணினது போர்ட்டல்ல அப்படியே இருக்குமே. ஜூலையைத்தான் தேடணும். வெளிமாநிலத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல போன சரக்குக்கெல்லாம் இ-வே பில் போட்டிருப்போம், அதுவும் அரசாங்கத்து தளத்துல இருக்கு. சின்னச் சின்ன உள்ளூர் பில்லுக்கு அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர்லேருந்து வந்து உக்காந்து (அவளைக் கட்டிக் குடுத்தது அங்கேதான்) ஒவ்வொரு பார்ட்டிக்கா போன் போட்டு, "நாங்க குடுத்த பில்லை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புங்களேன்"னு கேட்டா. ஞாயிறு ராத்திரி பதினொன்னரைக்குத் தாக்கல் ஆச்சு.

ஆனா நடுவுல சனிக்கிழமை வந்துச்சே. சனிக்கிழமை தறியில கூலி நாள்.

கூலி பிரச்சினை இல்லை, தறிக்குத் தறி மீட்டர் கணக்கு நோட்டுல இருக்கு. பிரச்சினை முன்பணம். பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ், ஆஸ்பத்திரிச் செலவுன்னு ஆளுங்க அப்பாகிட்ட முன்பணம் வாங்குவாங்க, வாரா வாரம் கூலியில கொஞ்சம் கழியும். யார் எவ்வளவு வாங்கினா, எவ்வளவு கழிஞ்சுது, பாக்கி எவ்வளவுங்கறது ஒரே ஒரு எக்செல் ஃபைல்ல இருந்துச்சு. அதுக்கு போர்ட்டலும் கிடையாது, பார்ட்டியும் கிடையாது. ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்த நேரத்துலதான் நிறையப் பேர் வாங்கியிருந்தாங்க.

அப்பா சத்திரப்பட்டி கிளம்பினார். நானும் கூடப் போனேன். தறியை நிறுத்திட்டு எல்லாரும் வந்தாங்க. அந்த இரைச்சல் நின்னதும் காதுல ஒரு கூ-ன்னு சத்தம் இருக்கும், தறிக்காரங்களுக்குத் தெரியும். அப்பா ஒரு புது நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு, "கம்ப்யூட்டர்ல கணக்கு அழிஞ்சு போச்சு. உங்க பாக்கியை நீங்களே சொல்லுங்க"ன்னார். அவ்வளவுதான். இருபத்து மூணு பேர். ஒவ்வொருத்தரா வந்து சொன்னாங்க. அப்பா தலையை நிமிர்த்தாம எழுதினார். மடிப்பு வேலை பாக்கிற ஒரு அம்மா, "ஒம்பதாயிரத்து ஐநூறு அண்ணாச்சி"ன்னாங்க. அப்பா நினைப்புல அது எட்டாயிரம். "நடுவுல ஒரு தடவை மாத்திரை வாங்க குடுத்தீகளே"ன்னு அவங்களே ஞாபகப்படுத்தினாங்க. ரெண்டு பேர் குறைச்சுச் சொன்னாங்க. அப்பாவுக்கு அது தெரியும், முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுது. அதையும் எழுதிக்கிட்டார். பைக்ல திரும்பும்போது நான் கேட்டேன். "அவங்க வீட்டுல என்ன கஷ்டமோ, விடு"ன்னார். அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் பேசலை. எட்டு வருஷம் என் கம்ப்யூட்டர் படிப்பை நம்பின மனுஷன், ஒரு சனிக்கிழமை முழுக்க இருபத்து மூணு பேர்கிட்ட "நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கார். பின்னாடி உக்காந்திருந்த நான் அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்.

திறக்கலை. ஒரு மாசம் ஆச்சு. அந்த ஒரு மாசமும் சொந்தக்காரங்க மத்தியில கதை "அந்தப் பய வைரஸைக் கொண்டுவந்து விட்டுட்டான்"னுதான் ஓடிச்சு. சித்தி போன்ல அழுததா அம்மா சொன்னாங்க. நான் "ஆமாமா, சின்னப் பையன், தெரியாம..."ன்னு பெரிய மனுஷன் மாதிரி பேசினேன்.

செப்டம்பர் 7, விநாயகர் சதுர்த்தி. புது கம்ப்யூட்டர் வாங்கியாச்சு, நான் அதைச் செட் பண்ண வந்திருக்கேன். ஒவ்வொருத்தருக்கும் தனி பாஸ்வேர்டுன்னு ஆரம்பிச்ச உடனே அப்பாவுக்குக் கோவம். "வீட்டுக்குள்ள யாருக்குடா பூட்டு? பீரோவையே நாம பூட்டுறதில்லை. அந்தப் பயலுக்காகத்தானே? அவன் மனசு என்ன பாடுபடும்?"

அதுக்கு மேல தாங்கலை. சொல்லிட்டேன். 2016 ராத்திரி ஒரு மணி, பாஸ்வேர்டை ஆஃப் பண்ணினது, எவ்ரிஒன், பேக்கப்பை உள்ளேயே வச்சது, ஜன்னலை மூடினது. எல்லாம். அவன் வேற எந்த ஒழுங்கான நெட்வொர்க்ல இதைத் தட்டியிருந்தாலும் அவன் லேப்டாப் மட்டும்தான் போயிருக்கும்னும் சொன்னேன்.

அப்பா கொழுக்கட்டையைத் தட்டுல வச்சுட்டு, "அப்போ அவனை ஏன்டா திட்ட விட்ட?"ன்னார்.

ஃபைல் போனதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு கேள்விதான். என்கிட்ட பதில் இல்லை. அப்பவே போன் போடச் சொன்னார். போட்டேன். தம்பிகிட்ட சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எனக்குத் தெரியும்ணே. அன்னிக்கே பார்த்தேன், பர்மிஷன்ல எவ்ரிஒன்னு இருந்துச்சு. பெரியப்பாகிட்ட சொன்னா உன்னைத் திட்டுவார்னு சொல்லலை"ன்னான். அவ்வ்வ்வ்.

சரி. இனி என்ன கட்டினேன்னு சொல்றேன். குதிக்கிறவங்க இங்க குதிக்கலாம்.

பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிப் போடலை. டெபியன் லினக்ஸ் போட்டு, சாம்பா ஏத்தினேன். விண்டோஸோட அந்த எஸ்.எம்.பி. மொழியை லினக்ஸுக்குப் பேசக் கத்துக் குடுக்கிறதுதான் சாம்பா. ஆஸ்திரேலியாவுல கான்பெராவுல ஆண்ட்ரூ டிரிட்ஜெல்னு ஒரு ஆராய்ச்சி மாணவர் 1991-92 வாக்குல ஆரம்பிச்சது. முதல்ல வச்ச பேருக்கு வேற கம்பெனி உரிமை கொண்டாட, அகராதி ஃபைல்ல எஸ், எம், பி மூணு எழுத்தும் அதே வரிசையில வர்ற சொல்லைத் தேடினாராம். சால்மன்பெர்ரின்னு ஒண்ணு வந்திருக்கு, சாம்பான்னு ஒண்ணு வந்திருக்கு. நல்லவேளை.

அதுல ஆளுக்கொரு கணக்கு. கணக்கு போல்டர்ல எழுத அப்பாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் அனுமதி. போட்டோ போல்டர்ல அம்மா எழுதலாம், மத்தவங்க பாக்கலாம். படங்கள் எல்லாருக்கும் பாக்க மட்டும். வர்றவங்க எதாவது குடுக்கணும்னா 'பெட்டி'ன்னு ஒரு போல்டர், அதுல போடலாம். யார் மேல நம்பிக்கை இருக்கு, இல்லைங்கற கணக்கே இதுல கிடையாது. ஒருத்தர் லேப்டாப்புல நச்சு நிரல் ஓடினா, அதுக்கு அவரோட உரிமை அத்தனையும் கிடைச்சுடும். பாக்க மட்டும் வேண்டிய ஆளுக்கு எழுதுற உரிமை குடுத்தா, அவருக்குக் குடுக்கலை, அவர் லேப்டாப்புல என்னிக்கோ வரப்போற ஒண்ணுக்குக் குடுக்கிறோம். இதை அப்பாகிட்ட இப்படிச் சொன்னேன்: "தம்பி கையில குடுத்த சாவியை தம்பி பாக்கெட்டுலேருந்து இன்னொருத்தன் எடுத்தான்பா. சாவியே தேவைப்படாத ஆளுக்குச் சாவி குடுத்தது நான்." இது அவருக்குப் புரிஞ்சுது. பாஸ்வேர்டுக்கு ஒத்துக்கிட்டார்.

ஒத்துக்கிட்டதும் அடுத்த கூத்து. புது விண்டோஸ் பொட்டிக்குள்ள அவர் நாலு எண் பின் போட்டுத்தான் நுழைவார். சாம்பா பாஸ்வேர்டு கேட்டப்போ அதே நாலு எண்ணைப் போட்டுட்டு, "ஏத்துக்க மாட்டேங்குதுடா"ன்னு மூணு தடவை கூப்பிட்டார். அந்தப் பின் அந்த ஒரு பொட்டிக்கு மட்டும்தான், நெட்வொர்க்ல செல்லாது. உங்க வீட்டுலயும் இது வரும், சத்தியமா வரும். ஒரு தடவை சரியான பாஸ்வேர்டைப் போட்டு, ஞாபகம் வச்சுக்கோன்னு டிக் பண்ணிட்டா முடிஞ்சுது. (ஞாபகம் வச்சுக்கிட்டா அப்பா பொட்டியிலயே நச்சு ஓடினா கணக்கு போகாதா? போகும். அதுக்குத்தான் பேக்கப்.)

விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை. ரவுட்டர்லயே அந்த வசதி இருந்துச்சு, எட்டு வருஷமா யாரும் ஆன் பண்ணலை. காலண்டர் அட்டையில இப்போ விருந்தாளி பாஸ்வேர்டுதான் இருக்கு. அம்மா வச்ச பாஸ்வேர்டு எதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஸ்ரீவில்லிபுத்தூர்ல பாதி வீட்டுப் பாஸ்வேர்டு ஆண்டாள் பேர்லயும் மீதி பால்கோவா பேர்லயும்தான் இருக்கும்ங்கறது என் கணிப்பு. அம்மாகிட்ட அந்த ரெண்டையும் தடை பண்ணிட்டேன்.

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர்லேருந்து கணக்கு எழுதணுமே? அத்தான் யூடியூப்ல பார்த்துட்டு, "ரவுட்டர்ல 445-ஐத் தொறந்து விட்டுட்டா எங்கேருந்தும் வரலாமாம் மாப்ளே"ன்னார். கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த வாசலை இணையத்துக்குத் தொறந்து வச்சா, ஊர்ல உள்ள களவாணியெல்லாம் வந்து கதவைத் தட்டிப் பாக்கிறதுக்கு நாம பந்தல் போட்டுக் குடுத்த மாதிரி. அதுக்குப் பதிலா டெயில்ஸ்கேல் போட்டேன். வயர்கார்டுங்கற மறையாக்கச் சுரங்கத்து மேல ஓடுறது, வீட்டு அளவுக்கு இலவசம். எந்த வாசலும் தொறக்க வேண்டாம். ரெண்டு வீடும் ஒரே வீடு மாதிரி ஆயிடுச்சு.

அக்டோபர்ல இன்னொரு தமாஷ். அத்தான் வீட்டுல ரவுட்டர்ல பென் டிரைவ் சொருகி, பாஸ்வேர்டே இல்லாம ஷேர் பண்ணி வச்சிருந்தார். அவர் லேப்டாப் விண்டோஸ் 11 ப்ரோ, அந்த மாசம் வந்த 24ஹெச்2 பதிப்புக்கு மாறினதும் அது திறக்கவே மாட்டேன்னுடுச்சு. அந்தப் பதிப்புலேருந்து எஸ்.எம்.பி. பேச்சு ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து கட்டாயம். பேரில்லாத விருந்தாளி கையெழுத்துப் போட முடியாது, அதனால உள்ள விடாது. இதை அணைக்க ரெண்டு கட்டளை இருக்குன்னு அத்தான் எழுதியே வச்சிருந்தார். அந்தக் காகிதத்தைப் பார்த்தப்போ 2016 ராத்திரி ஒரு மணி ஞாபகம் வந்துச்சு. வாங்கிக் கிழிச்சுப் போட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பேக்கப் விஷயம் மட்டும் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். அக்கா வீட்டுல ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு ஹார்டு டிஸ்க். தினம் ராத்திரி ரெண்டு மணிக்கு அது ராஜபாளையத்துப் பொட்டிக்கு வந்து, மாறின ஃபைலை மட்டும் இழுத்துக்கிட்டுப் போகும். இழுக்கிறது ஆர்சிங்க். அதே டிரிட்ஜெல் இன்னொருத்தரோட சேர்ந்து 1996-ல வெளியிட்டது, மனுஷன் நம்ம குடும்பத்துக்கு நிறையப் பண்ணியிருக்கார். கவனிக்க வேண்டியது, இழுக்கிறது, தள்றது இல்லை. ராஜபாளையத்துப் பொட்டிகிட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுச் சாவி கிடையாது. இங்க என்ன தீப்பிடிச்சாலும் இங்கேருந்து அங்க போக வழி இல்லை. அங்கேருந்து வர்றதுக்கும் இங்க படிக்கிற உரிமை மட்டும்தான். சரி, இங்க பூட்டின ஃபைலை அது இழுத்துக்கிட்டுப் போய் நல்லதை அழிச்சுட்டா? அதனால மேலேயே எழுதாது, நாளுக்கு ஒரு பிரதி. முப்பது நாளுக்கு வச்சுக்கும், அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. மாறாத ஃபைலுக்கு டிஸ்க்ல ரெண்டாவது தடவை இடம் எடுக்காது.

தீபாவளிக்கு முந்தின நாள் யார்கிட்டயும் சொல்லாம முன்பணம் ஃபைலை வேணும்னே அழிச்சேன். அக்காவுக்கு போன் போட்டு, "எடுத்துக் குடு"ன்னேன். என் உதவி இல்லாம, எழுதி வச்ச காகிதத்தைப் பார்த்து அவளே எடுத்தா. ஆறு நிமிஷம். அப்பா அதுக்கப்புறமும் அந்தப் புது நோட்டை விடலை. சனிக்கிழமை சனிக்கிழமை அதுலயும் எழுதுறார், எக்செல்லயும் ஏத்துறார். நானும் ஒண்ணும் சொல்றதில்லை.

2025 ஆடிப்பூரம், ஜூலை 28. திங்கக்கிழமை. தம்பி வந்தான். ஒரு வருஷம் கழிச்சு. வந்ததும் காலண்டர் அட்டையைப் பார்த்து வைஃபை போட்டான், ஒண்ணும் தெரியலை. அப்பா உள்ளேருந்து ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவந்து குடுத்தார். தம்பிக்குன்னு தனியா ஒரு கணக்கு, வீட்டு வைஃபை பாஸ்வேர்டு, ரெண்டும் அப்பா கையெழுத்துல. என்கிட்ட சொல்லி ஏற்கெனவே போட வச்சிருந்தார்.

ராத்திரி தேர் பார்த்துட்டு வந்து, கூடத்துல பாயில படுத்துக்கிட்டே தம்பி லேப்டாப்பைத் தட்டிக்கிட்டு இருந்தான்.

"அண்ணே, கணக்கு போல்டர்ல எனக்கு எழுத முடியலையே?"

"எனக்கும் முடியாதுடா."

"நீதானே செட் பண்ணின?"

"ஆமா."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் படங்கள் போல்டரைத் தொறந்து, எது பாக்கலாம்னு கேட்டான்.